பியானோ யாரைத் தொடர்ந்தது?

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். சோலெனை எனக்கு வருடக்கணக்காகத் தெரியும். கதை கட்டுகிறவள் இல்லை. அவள் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை.

பாரிஸில் ஓபோ வாசிப்பவள் சோலென். நம் நாகஸ்வரம் போலவே சீவாளி வைத்து ஊதுகிற வாத்தியம். ஓர் இசைக்குழுவில் சேர்வதற்கான தேர்வு அந்த வாரக் கடைசியில். கூட வாசிக்க வேண்டிய பியானோக்காரருக்கோ காய்ச்சல். ஒலி ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கும் நண்பன் லோயிக் அவளை அங்கே கூப்பிட்டான். அவன் ஒரு மென்பொருள் செய்திருந்தான். மைக் வழியாக வாசிப்பவரைக் கேட்டு, அவர் வேகத்துக்கே ஒலிபெருக்கியில் பியானோ வாசிக்கும்.

"மனுஷனை விடப் பொறுமைசாலி. நீ நின்னா அதுவும் நிக்கும். திட்டினாலும் கோவிச்சுக்காது."

"அப்ப உன்னை விட மேல்னு சொல்லு."

எதிரொலியே இல்லாத அறை அது. சுவர், கூரை எல்லாம் பஞ்சு. ஜன்னல் கிடையாது. பதிவில் இரைச்சல் விழும் என்று லோயிக் காற்றாடியையும் நிறுத்தினான். அவன் வெளியே போனதும் கனத்த கதவு மூடிக்கொண்டது.

மதியம் மூன்று மணி.

முதல் தடவை பியானோ நிழல் போலக் கூடவே வந்தது. சோலெனுக்கு ஒரே சந்தோஷம். இரண்டாவது தடவை, நடுவில் சீவாளி காய்ந்துவிட்டது. நனைப்பதற்காக வாசிப்பை நிறுத்தினாள்.

பியானோ நிற்கவில்லை.

கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அது கண்மூடித்தனமாக ஓடவில்லை. கடினமான திருப்பத்தில் கொஞ்சம் தயங்கியது. உச்ச ஸ்வரத்துக்கு இடம் விட்டது. பிறகு மெல்ல வந்து சேர்ந்துகொண்டது... யாரோ வாசிக்க, அவர்களுக்குத் துணை போவது போல.

அறையில் அவள் மட்டும்தான்.

"லோயிக்?"

குரல் உதட்டோடு செத்தது. கதவுக்கு ஓடினாள். கைப்பிடி அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவே இல்லை. தட்டினாள். கத்தினாள். அத்தனையையும் பஞ்சு விழுங்கியது.

பியானோ முடித்தது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இந்தத் தடவை இன்னும் மெதுவாக...

காற்று கனத்தது. கழுத்தெல்லாம் வியர்வை.

மைக்! அதன் வழியாகத்தானே கேட்கிறது? பிடுங்கிவிடலாம். ஆனால் மைக் அறையின் நடுவில் இருந்தது. வாசிப்பவர் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே.

அந்த இடத்தில் யாரும் இல்லை.

ஆனாலும் சோலென் சுற்றிக்கொண்டுதான் போனாள். பக்கவாட்டிலிருந்து கையை நீட்டினாள்...

வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. பியானோ நின்றது.

க்ளக்.

கதவு திறந்தது. காபிக் கோப்பையோடு லோயிக்.

"என்ன இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"கதவை ஏன் பூட்டின?"

"இதுக்குப் பூட்டே கிடையாதே! வெளியிலதான் உக்காந்திருந்தேன். திரையில எல்லாம் ஒழுங்கா ஓடிட்டிருந்துச்சு."

அதற்குப் பிறகு அவள் அந்தக் கட்டடத்துக்கே போகவில்லை. தேர்வில் தோற்றாள். சில நாள் கழித்து லோயிக் தொலைபேசியில் அழைத்தான். குரலே சரியில்லை.

"பதிவைக் கேட்டேன். நீ கத்தினது, கதவைத் தட்டினது, எல்லாம் விழுந்திருக்கு. மன்னிச்சுக்கோ."

"பியானோ ஏன் நிக்கல?"

"அது சரியாத்தான் தொடர்ந்திருக்கு. ஓபோவை."

"நான்தான் வாசிக்கவே இல்லையே!"



"தெரியும். நீ கத்தும்போதும் ஓபோ கேக்குது, சோலென். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுட்டேன்... நீ நிறுத்தினதுலேர்ந்து கடைசி வரைக்கும், ஒரு இடத்துல கூட மூச்சு வாங்கல."