அற்புதமேரி கொல்லையில் பொன் இல்லை

கணவர் லூர்துநாதன் இறந்த பிறகு ஆவூர் அற்புதமேரி தனியாக எடுத்த முதல் பெரிய முடிவு, கொல்லையில் தண்ணீருக்குப் போர் போடுவது. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் முள் என்று கிடந்த நிலம் அது. அதை வைத்துத்தான் மகள் ஸ்வீட்டியை நர்சிங் படிக்கவைத்தார். அதை விட்டால் அவருக்கு வேறு பிடிமானம் கிடையாது.

நீரோட்டம் பார்த்து இடம் சொன்னவர், புதுக்கோட்டைக் கல்லூரியில் நிலவியல் நடத்தும் சரண்யா. துளை போடத் தொடங்கிய காலையில் அவரும் வந்திருந்தார். கறுப்புத் தூளோடு வெள்ளைக்கல் சில்லுகள் வெளியே வந்தன. ஒரு பிடி அள்ளி அலசி, லென்சு வைத்துப் பார்த்துவிட்டு, போர்க்காரரிடம் கத்திச் சொன்னார்.

"காக்காப்பொன்னு நெறைய இருக்கு!"

ஏடு ஏடாக உரியும் மினுக்குக் கல்லுக்கு அதுதான் பெயர். கம்ப்ரசர் சத்தத்தில் 'காக்கா' அமுங்கிவிட்டது. மீதி மட்டும் கொழுந்தன் ஜெரால்டின் காதில் விழுந்தது. சரண்யா வகுப்புக்குப் புறப்பட்டார். ஜெரால்டு டீக்கடைக்குப் புறப்பட்டார்.

மதியத்துக்குள் கொல்லையில் கூட்டம்.

"அப்பறம் என்னங்க, இனிமே எங்ககிட்டயெல்லாம் பேசுவீங்களா?" என்றார் பக்கத்துக் கொல்லை முனியசாமி. "தங்கம்னா கவர்மெண்ட்டு வந்து வேலி போட்டுரும் பாருங்க. ஒங்களுக்கு வெளிய நின்னு போர்டு படிக்கிறதுதான் மிச்சம்."

அற்புதமேரி நேரே போர்க்காரரிடம் போனார்.

"மிசின நிப்பாட்டுங்க. உள்ள இருக்கது உள்ளயே கெடக்கட்டும்."

சேதி கேட்டு, சரண்யா சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். அற்புதமேரி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஜெரால்டு பக்கத்தில் செல்லோடு உட்கார்ந்திருந்தார்.

"பொன்னு இல்லீங்க, காக்காப்பொன்னு!"

"அது சரிம்மா. அந்த வெள்ளக்கல்லு? தங்கம் அதுலதான் இருக்கும்னு இவரு செல்லுல காட்டுறாரே?"

ஜெரால்டு செல்லைப் பைக்குள் போட்டார்.

"அந்த மாவ ரெண்டு பக்கமும் இழுங்க," என்றார் சரண்யா. அற்புதமேரி இழுத்தார். நடுவில் மெலிந்து கிழிந்தது. "பூமியோட மேல்தோடும் இப்படித்தான், இழுபட்டா மெலிஞ்சு வெடிப்பு விடும். ஆழத்துலேருந்து சுடுதண்ணி அந்த வெடிப்புல ஏறிவரும். வர வர ஆறி, கரைஞ்சிருந்த வெள்ளக்கல்ல அங்கயே படியவிட்டுரும். அந்தத் தண்ணி தங்கத்தையும் கரைச்சுக் கொண்டாந்திருந்தா அதுவும் சேந்து படியும். எல்லா வெடிப்புக்கும் அந்தக் கொடுப்பினை இல்ல. தங்கத்தோட வர்ற கனிமம் எதுவும் ஒங்க சில்லுல தெரியல."

"நெசமாவா?"

"நெசந்தாங்க. இன்னொண்ணு, அந்த மாதிரி ஒடைஞ்ச கல்லுலதான் தண்ணி நிக்கும். அதுக்காகத்தான் அந்த எடத்தையே சொன்னேன்."

அற்புதமேரி சிரித்தபடி மாவுக்கையோடு சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்ன மதினி, தங்கம் இல்லேங்கிறாங்க, சிரிக்கிறீங்க?"

"மொதல்ல ஒங்க காதுக்கு ஒரு போர் போடணும் தம்பி."

மறுநாள் காலை மிசின் மறுபடி ஓடியது. தூள் சேறாகி, சேறு தெளிந்து, தண்ணீர் பீறிட்டது. நனைந்த சேலையோடு அற்புதமேரி மகளுக்குப் போன் போட்டார்.

"கொல்லை நம்மளோடதுதான்டி!" என்று சொல்லி வைத்துவிட்டார். தண்ணீர் வந்ததைச் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. திரும்பவும் போட்டார்.