எழுபத்தேழு சதவீதத்தில் மயிலாடுதுறைக்கு

2026 ஜனவரி 24, சனிக்கிழமை, காலை 6.35. பூதலூர் ரயில் நிலையத்தில் நல்ல பனி. எதிர் நடைமேடைப் பெயர்ப்பலகைகூடத் தெரியவில்லை. மயிலாடுதுறைக்கு எண்பத்தெட்டு கிலோமீட்டர், பயணச்சீட்டு இருபது ரூபாய். என் செல்போனில் சார்ஜ் எழுபத்தேழு.

மயிலாடுதுறையில் என் அக்கா தையல்நாயகியின் பேத்தி கயலுக்கு அன்று நலங்கு. எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கு நலங்கு வைத்தாலும் அக்காதான் பாடுவாள். பதினான்கு மாதம் முன்பு பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்கு ‘ம்’ என்பதற்கு மேல் பேச்சு இல்லை. என் மகள் கல்யாணத்தில் அவள் பாடியதை இந்தப் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். ஒன்பது பாட்டு, முப்பத்தெட்டு நிமிடம். கயலுக்கும் அக்கா குரலில்தான் நலங்கு நடக்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

போன மாதம் இந்தப் போன் வாய்க்காலில் விழுந்தது. ஈரம் போக அரிசிக்குள் வைக்கச் சொல்வார்கள். வீட்டில் அரிசி மூன்று படிதான். நெல் நாலு மூட்டை இருந்தது. நெல்லுக்குள் இரண்டு நாள் புதைத்து வைத்தேன். போன் பிழைத்தது. சார்ஜ் மட்டும் சரியாக ஏறவில்லை. ஒயரை வளைத்து ரப்பர் பேண்டால் கட்டி ஒன்பது மணி நேரம் ஏற்றியும் எழுபத்தேழுதான். கடையில் கொடுக்க மனம் வரவில்லை. முன்பு ஒருமுறை கொடுத்ததில் எண்பத்தாறு படங்கள் அழிந்தன.

முழுச் சத்தத்தில் அந்தப் பதிவு நாற்பத்தொரு சதவீதம் தின்னும், வீட்டிலேயே பார்த்துவிட்டேன். பழைய பேட்டரி, பதினைந்துக்கு இறங்கினால் அணைந்துவிடும். ஆக, ஐம்பத்தாறு தேவை. அதற்குக் குறைய விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

6.48. வண்டி நகர்ந்ததும் போனை அணைத்தேன். அணைத்த போனிலும் சார்ஜ் இறங்குமோ என்று சந்தேகம். தஞ்சாவூரில் திறந்து பார்த்தேன்: எழுபத்துமூன்று. பாபநாசத்தில் அறுபத்தொன்பது. இருபுறமும் சம்பா பழுத்துச் சாய்ந்திருந்தது. வரப்போரம் ஓர் அறுவடை மெஷின் பனி விலகக் காத்து நின்றது. எதிரே உட்கார்ந்திருந்தவர் எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டக் கும்பகோணம் போகும் விவசாயி.

“என்ன சார், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போனை எழுப்பி எழுப்பித் தூங்க வைக்கிறீங்க?”

விஷயத்தைச் சொன்னேன்.

“எறங்குறதே நீங்க தொறந்து பாக்குறதாலதான். வெதச்ச நெல்லைத் தோண்டித் தோண்டிப் பாத்தா மொளைக்குமா? யாருக்காச்சும் அனுப்பி வெச்சிருக்கலாமே?”

“அனுப்பறப்ப அழிஞ்சுபோச்சுன்னா?”

“அனுப்புனா எப்பிடி சார் அழியும்?”

“எண்பத்தாறு படம் அழிஞ்சுதே.”

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “உங்க போனு, உங்க பாடு.”

8.05, கும்பகோணம். டீ பன்னிரண்டு ரூபாய். அவர் இறங்கியதும் ஒரே ஒருமுறை திறந்தேன்: அறுபத்தைந்து. அணைப்பதற்குள் சென்னையிலிருந்து மகள்.

“ஏன்ப்பா சுவிட்ச் ஆஃப்? பதினாறு தடவை அடிச்சேன். மயக்கம் போட்டு எங்கியாவது விழுந்துட்டீங்களோன்னு பயந்துட்டேன்.”

“விழலை. வையி, சார்ஜ் போவுது.”

வைக்க மூன்று நிமிடம் ஆனது. அறுபத்திரண்டு. அதன்பின் ஆடுதுறையிலும் குத்தாலத்திலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

9.05. மயிலாடுதுறை. அக்கா வீட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். பத்தரைக்கு நலங்கு என்றார்கள். சரியாகப் பத்தரைக்குத் திறந்தேன்: ஐம்பத்தெட்டு. ஆனால் சம்பந்தி வீட்டுப் பெண்கள் தட்டுகளோடு வந்து சேர்ந்தது பதினொன்றுக்கு. அணைத்துத் திறந்தால் நாலு போகும் என்று அணைக்காமலே காத்திருந்தேன். ஐம்பத்துநாலு. இரண்டு குறைகிறது.

அக்கா மகன் செந்தில் ஒரு சார்ஜரோடு வந்தான். “போடுங்க மாமா.”

“ஒயரை வளைச்சுக் கட்டணும். ரப்பர் பேண்டு பூதலூர்ல இருக்கு.”

“அப்ப ஒரு பாட்டை விட்டுடுங்களேன்.”

“ஒம்போதும் கேக்கணும்.”

11.02. தொடங்கியது. அக்காவை நாற்காலியில் கொண்டுவந்து கயலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அக்கா போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் மூலையில் இருந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டுப் பாட்டு முடிந்தது. ஒன்பதாவது, சம்பந்தியைக் கேலி செய்யும் பாட்டு. “சம்பந்தி வீட்டுச் சாம்பாரிலே உப்பில்லை” என்ற அடியோடு போன் அணைந்தது. மணி 11.38.

பொத்தானை மூன்று தடவை அழுத்தினேன்.

“உப்பிருந்தும்... ருசியில்லை.”

நாற்காலியிலிருந்து வந்தது. நாக்குத் தடித்து, சொல் பாதி அமுங்கியிருந்தது. ராகம் அப்படியே இருந்தது.

“அம்மா!” என்றான் செந்தில். அவள் அவனைக் கவனிக்காமல் அதே அடியை இன்னொரு முறை பாடினாள். முதலில் சிரித்தது சம்பந்தியம்மாள்தான். “பேச வராதுன்னாங்க. எங்க சாம்பாரைச் சொல்ல மட்டும் வருதே!” என்றார். கயல் அழுதுகொண்டே சிரித்தாள். மீதிப் பாட்டைப் பெண்கள் சேர்ந்து முடித்தார்கள். “அக்கா, தண்ணி வேணுமா?” என்று கேட்டேன். “ம்” என்றாள். அவ்வளவுதான்.

4.10. பஸ் நிலையம் அருகே ஒரு செல்போன் கடை. பதிவு அழிந்தால் அழியட்டும் என்று அன்றைக்குத்தான் என்னால் போனை இன்னொருவர் கையில் கொடுக்க முடிந்தது. கடைக்காரப் பெண் சார்ஜ் துளையில் டார்ச் அடித்துப் பார்த்து, ஊசியால் எதையோ நெம்பி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“உமிங்கய்யா. களத்துமேட்டுலயா சார்ஜ் போட்டீங்க?”

முப்பது ரூபாய். எதுவும் அழியவில்லை. அன்று மாலையே செந்தில் போனுக்குப் பதிவை அனுப்பினேன்; அனுப்பியும் என்னிடம் இருந்தது.

ஞாயிறு கல்யாணம் முடிந்து திரும்பும்போது சார்ஜ் நூறு. வழியில் எங்கும் திறந்து பார்க்கவில்லை, பாபநாசத்தில் ஒருமுறை தவிர. போக இருபது, டீ பன்னிரண்டு, ஆட்டோ எண்பது, உமி எடுக்க முப்பது, திரும்ப இருபது. மொய் நீங்கலாக, நூற்று அறுபத்திரண்டு ரூபாய்.