ஒரே சட்டத்துக்குள் நால்வர்

தங்கையின் கல்யாணத்துக்கு மறுநாள், அவள் புருஷன் வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில், பிறந்த வீட்டுக்காரர்கள் நாங்கள் நால்வரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அது. நாற்காலிகளில் அம்மாவும் அண்ணனும். அம்மாவுக்குப் பின்னால் நான், அண்ணனுக்குப் பின்னால் தங்கை. அவளுக்கென்று வேறு படம் கிடையாது.

படத்தின் முதுகில் தேதி, கிழமை, மணி, யார் எங்கே என்பதையெல்லாம் எழுதினேன். பிறகு கண்ணாடியோடு அழுந்த வைத்து நானே சட்டம் போட்டேன். ராமபாணப் பூச்சி நுழையாமலிருக்கப் பின்னால் அட்டை கொடுத்து, நான்கு ஓரமும் பழுப்புத் தாளைப் பசை போட்டு ஒட்டினேன். ஏதோ ஒரு புத்தகத்தில் படித்த முறை. அதை எழுதியவர் குற்றாலத்துக்குப் பக்கத்தில் சாரல் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களைக் கழித்தவராக இருக்க முடியாது.

தங்கை தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அந்தக் கண்ணாடியில், அவள் நெற்றிக்கு நேராகச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை.

யுத்தம் வந்தது. அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனான். கடிதங்கள் நின்றன. அந்த ஆண்டு சாரலும் விடவில்லை. தென்காசியில் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் நீர் கோத்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா வைத்த குங்குமம் இளகி, முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு நேராகக் கண்ணாடியில் இறங்கியது. முதலில் பார்த்தவள் அண்ணன் மனைவி, என் மதினி.

“அத்தே, இங்கன வந்து பாருங்க. அவுக தலையில வழிஞ்சிருக்கு.”

“சாரலுக்கு வழிஞ்சிருக்கும்ட்டி. தொடச்சா போச்சு.”

“தொடச்சா போயிருமா? கடுதாசி வந்து எத்தன மாசம் ஆவுது! உசுரோட இருக்க மனுசனுக்கும் சேத்துல்லா பொட்டு வைக்கிய!”

“எம் மவனுக்கு நான் வைப்பனாட்டி? வாயக் கழுவு.”

மதினி படத்தைக் கழற்றித் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா விரலில் குங்குமத்தோடு வந்து வெறும் ஆணியைப் பார்த்தாள். விரலைச் சுவரில் துடைத்துவிட்டுப் போனாள். இருவரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஆபீஸ் விட்டு வந்தால் இந்தத் தூது. இருவர் பேச்சிலும் நியாயம் இருந்ததுதான் என்னை அதிகம் அலுக்க வைத்தது.

கடைசியில், தங்கையை மட்டும் தனியாகப் பிரதி எடுத்துவிடலாம் என்று சொல்லி மதினியிடமிருந்து படத்தை வாங்கிக்கொண்டு, அதை எடுத்த போட்டோக்காரரிடம் போனேன். அவர் பழுப்புத் தாளைக் கிழித்து, அட்டையை எடுத்து, ஓரத்தில் நகத்தைக் கொடுத்துப் பார்த்தார். அப்படியே நிறுத்திவிட்டார்.

“அண்ணாச்சி, யாரு இதுக்குச் சட்டம் போட்டது?”

“நான்தான்.”

“ஊறுகாப் பானை வாயில துணி போட்டு வேடு கட்டுன மாதிரில்லா கட்டிருக்கிய! உள்ள போன ஈரம் வெளிய வர வழியே இல்ல. படம் கண்ணாடியப் பிடிச்சிட்டு. இழுத்தா மொகம் கண்ணாடியோட வந்துரும்.”

“நெகட்டிவ் கண்ணாடித் தகடு இருக்குமே? அதிலிருந்து வேறு படம் போடலாமே?”

“அதக் கழுவிச் சன்னல் கண்ணாடியாப் போட்டாச்சு.”

கண்ணாடியோடு சேர்த்தே வெளிச்சத்தில் வைத்துப் பிரதி எடுத்தார். தங்கையின் கண்களில் ஈரக்கறை படர்ந்திருந்ததால் பென்சிலால் கண்ணைத் திறந்து, புருவத்தையும் வளைத்துக் கொடுத்தார். அழகான பெண்தான். இந்த முறை கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஓரங்களில் அட்டைக் கீற்று வைத்து, காற்றுக்கு இடம் விட்டுச் சட்டம் போட்டேன்.

அம்மா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தாள்.

“லெச்சணமாத்தான் இருக்கா. ஆனா இவ எம் மவ இல்லலே.”

பென்சில் வேலையைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவள் காதில் விழவில்லை. உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த மதினி என் கையிலிருந்த பழைய படத்தை வாங்கினாள். பெட்டிக்குக் கொண்டுபோவாள் என்று நினைத்தேன். அவள் அடுக்களைக்குப் போனாள். வீட்டில் ஈரம் ஏறாத சுவர் அடுப்பை ஒட்டிய அது ஒன்றுதான்.

“அத்தே, இங்கன மாட்டிருதேன். எப்பவும் பாத்துக்கிடுங்க. பொட்டு மட்டும் வேண்டாம்.”

அம்மா கையிலிருந்த புதுப் படத்தைப் பார்த்தாள்.

“சரிட்டி. பொட்ட இவளுக்கே வைக்கேன்.”

அடுப்புப் புகை நாளடைவில் படத்தை மஞ்சளாக்கிவிடும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. இன்னொரு வழி யோசிக்கத் தெம்பில்லை.

அந்த வெள்ளியிலிருந்து அம்மா, தனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் நெற்றிக்குக் குங்குமம் வைத்தாள். பிறகு முற்றத்துக்குப் போய் விரலைத் தேய்த்துக் கழுவி, முந்தானையில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, அடுக்களைக்குள் தன் மகளைப் பார்க்கப் போனாள்.