காட்டுப்பாக்கத்தில் போட்ட ஓட்டு

ஞாயிறு காலை ஏழரைக்கு நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில் நின்றவர்கள் மூன்று பேர்: நான், பெயின்டர் பெஞ்சமின், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் தென்காசிக்காரர் முருகேசன். எங்கள் கால்பந்து கிளப்பின் தலைவர் தேர்தலுக்குப் புறப்பட்டோம். மைதானம் இருப்பது கோவில்பதாகையில். தலைவரோ ஓட்டுப்பதிவைக் காட்டுப்பாக்கத்தில், தன் வீட்டுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வைத்துவிட்டார். அவ்வளவு தூரம் யார் வருவார்கள் என்ற கணக்கு. மறுபடி ஜெயித்தால் மைதானத்தைக் கிரிக்கெட் டர்ஃப் போட வாடகைக்கு விடுவார். எதிர்த்து நின்றவர் எங்கள் பழைய கோல்கீப்பர் தேவராஜ்.

ஆவடிக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். பட்டாபிராம் வருவதற்குள் உறுப்பினர் அட்டை பையில் இருக்கிறதா என்று நான்கு தடவை பார்த்துவிட்டேன்.

"கார்டு இன்னா எறங்கி ஓடிடுமா? கம்முனு வா மச்சான்," என்றான் பெஞ்சமின்.

எட்டேகால். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ. ஆளுக்கு முப்பது ரூபாய்.

"தலைவர் ஒண்ணுமே செய்யலன்னு சொல்லக்கூடாதுல்லா," என்றார் முருகேசன். "கோல் வலை அவரு வாங்கித் தந்ததுதான."

"கிரவுண்டே போச்சுன்னா வலய வச்சிகினு மீன் புடிக்கவா சாரே?" என்றான் பெஞ்சமின்.

ஓட்டுநர் திரும்பினார். "பந்து ஒதைக்கிறதுக்கு எலெக்சனா நைனா? பிரியாணி உண்டா?"

"அவுங்க தராங்கோ. நாங்க துன்ன மாட்டோம்," என்றான் பெஞ்சமின்.

பூந்தமல்லியில் பஸ் பிடித்து, ஒன்பதரைக்கு மண்டபம். மேசையில் தலைவரின் ஆள் லோகநாதன் என் கையெழுத்தைப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தார். "இது இவரு கையெழுத்தே இல்ல. ஓட்டு கெடையாது."

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் பார்க்கக் கையெழுத்துப் போட்டால் எழுத்து கோணிக்கொள்ளும். ஆனாலும் நகரவில்லை.

"ஓட்டு போடாம ஊட்டுக்குப் போக மாட்டேன் சார். பழைய நோட்ட எடுங்க," என்றேன்.

தேர்தல் அதிகாரி ஓய்வுபெற்ற கால்பந்து நடுவர். ஆறு வருடப் பதிவேடுகளைப் பொறுமையாகப் புரட்டினார். ஆறிலும் என் கையெழுத்து ஆறு விதமாக இருந்தது.

"ஒரே மாதிரி போட்டிருந்தாத்தான் சந்தேகப்படணும். இது இவரேதான்," என்றார். "லோகநாதன், ஆட்சேபம் தோத்துப்போச்சு. கிளப் விதிப்படி இவருக்கு ஐந்நூறு ரூபாய் குடுங்க."

"அப்பால தரேன்," என்றார் லோகநாதன்.

தேவராஜ் இரண்டு ஓட்டில் தோற்றார். மறுபடி எண்ண முடியாது என்றார்கள். உறுப்பினர்களைக் கேட்காமல் மைதானத்தைக் கொடுக்கக்கூடாது என்று வாசலிலேயே மனு எழுதினோம். முதல் கையெழுத்து முருகேசனுடையது. பசியோடுதான் பஸ் ஏறினோம்.

அடுத்த ஞாயிறும் கோவில்பதாகையில் ஆடினோம். மைதானம் இன்னும் எங்களிடம்தான். வேலியோரம் வந்து நின்ற லோகநாதனிடம் எல்லார் காதிலும் விழ அந்தப் பணத்தைக் கேட்டேன். அவர் செல்போனைப் பார்த்தார். பாக்கி, ரூபாய் ஐந்நூறு.