கிளேபாங் சாலையில் அண்ணன் அடித்த அடி

லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் ஒரு பழைய வேனை வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, மெத்தையும் கேஸ் அடுப்பும் வைத்தான். பள்ளி விடுமுறையில் கடலோரமாகவே தெற்கே மூவார் வரை போய் வரலாம், இரவு வேனிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றான். அவன், அண்ணி, நான், என் ஒன்பது வயது மகள். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை.

அண்ணன் கூப்பிட்டால் நான் எங்கும் போவேன். சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். சம்சு குடித்துவிட்டு அப்பா பெல்ட்டைக் கழற்றும்போதெல்லாம் அண்ணன் என்னைச் சுவரோரம் தள்ளி, என்மேல் கவிழ்ந்துகொள்வான். அடி முழுவதும் அவன் முதுகில் விழும். ஒருமுறை விறகுக்கட்டை. அன்று அவன் வாயிலிருந்து வந்த சத்தத்தை என்னால் யாருக்கும் செய்துகாட்ட முடியாது. அதனால்தான், அவனுக்குக் கோபம் அதிகம் என்று சொந்தக்காரர்கள் யாராவது சொன்னால் அவர்களோடு பேச்சையே நிறுத்திவிடுவேன்.

முதல் நாள் மாலை தஞ்சோங் கிளிங்கில் வேனை நிறுத்தினோம். கடல் இறங்கி, சேறு பளபளத்துக்கொண்டிருந்தது. அண்ணி டீ ஊற்றும்போது கை தவறி மெத்தையில் கொட்டிவிட்டாள். அண்ணன் பேச்சை நிறுத்தாமலேயே அவள் பின்கொண்டையைப் பிடித்து, முகத்தை அந்த ஈரத்தில் வைத்து அழுத்தினான்.

“தொடச்சிடு” என்றான்.

“அண்ணே, விடு லா! டீதானே!” என்று கத்தினேன்.

விட்டுவிட்டான். “சும்மா வெளையாட்டுக்கு” என்று சிரித்தான். அண்ணியும் சிரித்தாள். கன்னம் சிவந்திருந்தது. என் மகள் சிரிக்கவில்லை. அன்றிரவு என் கையைப் பிடித்தபடியே தூங்கினாள்.

மறுநாள் காலை கிளேபாங். தேங்காய் ஷேக் கடைகளின் முன்னால் வண்டிகள் நகராமல் நின்றன. உணவுப் பொட்டலங்களோடு வந்த ஒரு மோட்டார் சைக்கிள், இடுக்கில் நுழையப் பார்த்து எங்கள் பக்கக் கண்ணாடியில் உரசியது. கண்ணாடி மடங்கியது, உடையக்கூட இல்லை. ஓட்டியவர் ஓர் இளம் மலாய்க்காரர். கையை உயர்த்தி, “சோரி, பாங்” என்று அண்ணன் முறைவைத்துச் சொன்னார்.

அண்ணன் இருக்கைக்கு அடியிலிருந்து சக்கரம் கழற்றும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

முதல் அடி ஹெல்மெட்டில். இரண்டாவது தோளில். அந்த மனிதர் சாய்ந்தார். மோட்டார் சைக்கிள் அவர் காலின்மேல் விழுந்தது. பொட்டலங்கள் பிரிந்து மீ கோரேங் தார்ச்சாலையில் சிதறியது. முகத்தை மறைக்க அவர் கையைத் தூக்கினார். அந்தக் கையில் அடுத்த அடி. எலும்பு முறியும் சத்தம் வேனுக்குள் வரை கேட்டது.

அண்ணி ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் திரும்பி அவள் வாயிலேயே குத்தினான். அவள் சாலையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் இரத்தத்தைத் துப்பினாள். அவன் மறுபடி ஸ்பானரை ஓங்கினான்.

மகளிடம் கதவைப் பூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். என்ன நினைத்தேன் என்று தெரியாது. கீழே கிடந்தவர்மேல் கவிழ்ந்துகொண்டேன். ஸ்பானர் என் தோள்பட்டையில் இறங்கியது. கண் இருண்டுவிட்டது.

“அண்ணே, நான்தான்!” என்றேன்.

அவனுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் இன்னொன்று விழுந்தது.

அதற்குள் கடைக்காரர்கள் அவன்மேல் பாய்ந்துவிட்டார்கள். ஸ்பானரைப் பிடுங்கியவர்கள் அதோடு நிற்கவில்லை. நாற்காலியாலும் காலாலும் அடித்தார்கள். “ஜாங்கான் புக்குல்! அடிக்காதீங்க!” என்று இரண்டு மொழியிலும் கத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி கத்தவில்லை. அடி விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போலீஸ் வந்துதான் அவனை இழுத்தெடுத்தார்கள்.

என் தோளுக்குக் கட்டுப்போட்ட பிறகு போலீஸ் நிலையத்துக்குப் போனோம். அண்ணன் கையில் விலங்கோடு பெஞ்சில் இருந்தான். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது.

“நான் அடிச்சத நீ பாக்கலன்னு சொல்லிடு லா” என்றான். “உனக்காக நான் எவ்ளோ வாங்கியிருக்கேன், சொல்லு.”

“வாங்கினே. நான் மறக்கல. அதுக்கு அந்த ஆளு ஏன் வாங்கணும்? அண்ணி ஏன் வாங்கணும்?”

அப்போது அண்ணி, கிழிந்த உதட்டோடு, அதிகாரியிடம் தானும் ஒரு ரிப்போர்ட் போடவேண்டும் என்று மலாயில் சொன்னாள். இன்றைக்கு நடந்தது மட்டுமல்ல, கல்யாணமானதிலிருந்து சொல்லவேண்டும் என்றாள். சொன்னாள். இஸ்திரிப் பெட்டி, கார் கதவு, கலைந்துபோன கர்ப்பம். அந்த வீட்டில் நான் எத்தனை தீபாவளிக்குச் சாப்பிட்டிருக்கிறேன். மகளின் காதுகளைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

அண்ணனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த இளைஞரின் கையில் தகடு வைத்தார்கள். பார்க்கப் போனபோது அவர் பேசினார். அவருடைய அம்மா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணி இப்போது எங்களோடு இருக்கிறாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை.

சிறைக்கு ஒருமுறை போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தான். மெலிந்திருந்தான்.

“தோளு வலிக்குதா?”

“துணி புழிஞ்சா வலிக்குது.”

“அவ வருவாளா?”

“வர மாட்டா, அண்ணே.”

விருட்டென்று எழுந்தான். எங்களுக்கு நடுவே கண்ணாடி இருந்தும் நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். அதை அவன் பார்த்தான். பிறகு உட்கார்ந்து, மேசையின்மேல் இரண்டு கைகளையும் எனக்குத் தெரிகிறமாதிரி விரித்து வைத்துக்கொண்டான்.