கலர் சோடா வாங்கி வைக்கும் வீடு

எங்கள் மஹய்யாவ வரிசை வீடுகளில் வெளியாருக்குத் தேத்தண்ணி ஊற்றுவதில்லை. கடையிலிருந்து மூடி திறக்காத கலர் சோடா வரும். கண்டித் தெருக்களைக் கூட்டுகிறவர்களின் கோப்பையில் யாரும் வாய் வைக்கமாட்டார்கள் என்பது எங்களுக்கே மனப்பாடம். அவர்கள் மறுக்கும் முன்பே நாங்கள் போத்தலை நீட்டிவிடுவோம். அதற்கு உபசாரம் என்று பெயர்.

அம்மாவுக்கு அந்தப் போத்தல்களைக் கண்டாலே எரியும். வெளியாள் ஒருவர், ஒரே ஒருவர், அவள் கையால் ஊற்றியதைக் குடித்துவிட்டுப் போகவேண்டும். ஆசை அவ்வளவுதான்.

நான் படித்த பல்கலைக்கழகம் ஆப்பிரிக்க ஆய்வுக்காகக் கென்யாவோடு கைகோத்திருந்த காலம். சமூகத்தோடு உறவாடவேண்டும் என்று திட்டத்தில் இருந்ததாம். அதனால் நாங்கள் சமூகமானோம். என் விரிவுரையாளர் கென்யப் பேராசிரியை ஒருவரை எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்தார்.

“நம்மளவிடக் கறுப்புக்கா, ஆனா நடையப் பாருங்க, மேயர் மாதிரி!” என்றாள் பக்கத்து வீட்டுச் சித்தி.

அம்மா சோடாவை நீட்டினாள். பேராசிரியை, தன் தாய் கென்யாவில் தேயிலைக் கொழுந்து பறித்தவள் என்று சொல்லி, தேத்தண்ணி கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இவங்க வயித்துக்கு ஒத்துக்காதும்மா, சோடாவே குடுங்க,” என்றார் விரிவுரையாளர் அம்மாவிடம். பேராசிரியையிடம் திரும்பி, வீட்டில் தேயிலை தீர்ந்துவிட்டதாம் என்றார். ஒரே மூச்சு, இரண்டு மொழி, இரண்டு பொய்.

இருக்கிறது என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். “அம்மா, அவங்க தேத்தண்ணி கேக்குறாங்க.”

“ஏங்கிட்டயா? நெசமாவாடா?” கேத்தல் அடுப்பேறியது.

பேராசிரியை குடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தார். விரிவுரையாளர் முன்னால் வைத்த கோப்பையில் ஆடை படர்ந்தது.

“எனக்குச் சீனி வருத்தம்மா, இது போதும்,” என்று அவர் கலர் சோடாவை உறிஞ்சினார்.

“சீனி போடாமத்தான் சேர் ஊத்தியிருக்கேன்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வாகனம் போனபின் அம்மாவின் முகத்தில் வெளிச்சம் தேடினேன். அவள் அந்த ஆறிய கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தம்மா தெரியாமக் குடிச்சிட்டாங்கடா. நாம யாருன்னு சேர் சொல்லியிருக்க மாட்டாரு.”

சொல்லியிருந்தார். வாகனத்தில் வந்த வழியெல்லாம், யார் எதைக் கூட்டுகிறோம், யார் எதை அள்ளுகிறோம் என்று என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். அதை அம்மாவிடம் சொன்னேன். அன்றும் சொன்னேன், அவள் கண்மூடும்வரை சொன்னேன்.

அவள் நம்பவில்லை.