நிறைப் பட்டியலில் முதலாம் பிள்ளை

என் வேலை பிள்ளைகளை நிறுப்பது. ஆய்வு என்று எழுதினால் பெரிதாகத் தெரியும். புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டுப் பாடசாலைகளுக்கு நான் கொண்டுபோனவை இவ்வளவுதான்: மின்தராசு ஒன்று, உயரம் அளக்கும் கம்பம் ஒன்று, தராசின் கீழே வைக்க ஒரு பலகை, அதன் சரிவு பார்க்கும் நீர்மட்டம், வினாக்கொத்துகள், பென்சில்கள். இவற்றில் பலகையை மறக்கவே கூடாது. கடலோர வகுப்பறைகளின் சீமெந்துத் தரை உப்புக் காற்றில் பொரிந்து கிடக்கும். தராசு சரிந்தால் நிறை பிழைக்கும்.

சிறுவர் உடற்பருமன் என்ற தலைப்பை நான் எடுத்தபோது என் மேற்பார்வையாளர், "புத்தளத்திலயோ? அங்க மெலிஞ்ச பிள்ளைகளையல்லோ தேடோணும்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த குடும்பம் எங்களுடையது. நான் பிறந்ததே புத்தளத்து முகாமில். மாதம் ஒருமுறை தாதி வந்து, வேப்பங்கிளையில் தராசைக் கட்டி, எங்களைத் துணித்தொட்டிலில் தொங்கவிட்டு நிறுப்பார். அட்டையில் வைக்கும் புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால் சத்துமாப் பைக்கற்று கிடைக்கும். என் புள்ளிகள் பெரும்பாலும் கீழேதான். அந்த அட்டை இன்றும் உம்மாவின் அலுமாரியில் இருக்கிறது.

யுத்தம் முடிந்த பிறகு இந்தக் கரை மாறிய விதத்தை நான் என் ஆய்வுத் திட்டத்தில் ஒரு பந்தியாக எழுதினேன். ஆலங்குடாவில் விடுதிகள். டொல்பின் பார்க்க வெள்ளைக்காரரை ஏற்றிப்போகும் படகுகள். வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி, அதற்குள் சோடாப் போத்தல். பாடசாலை வாசலில் ரோல்ஸ். பின்னேரத்தில் விளையாட்டுக்குப் பதிலாக டியூஷன். பெண்பிள்ளைகள் பெரியவர்களானதும் கடற்கரைப் பக்கமே போவதில்லை. மேற்பார்வையாளர் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

பிழை நடந்தது கண்டக்குழிப் பக்கம் ஒரு பாடசாலையில், ஏழாம் ஆண்டு வகுப்பில். பெற்றோருக்கு முடிவுகளை ஒட்டிய கடித உறையில் அனுப்பினேன். அதிபர், "ஸ்கூல் பைலில போட எங்களுக்கும் ஒரு கொப்பி தாங்க மிஸ்" என்றார். யாரைக் கிளினிக்குக்கு அனுப்புவது என்று பார்ப்பதற்காக, உடற்திணிவுச் சுட்டி கூடியவரிலிருந்து குறைந்தவர் வரை நான் ஏற்கெனவே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். அதையே அச்செடுத்துக் கொடுத்தேன். இடப்பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம். பக்கத்தில் பெயர்கள். பெயர்களை நீக்கியிருக்க வேண்டும். அதிபரின் அலுமாரிக்குள்தானே போகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் பாடசாலைகளில் பெயரும் இலக்கமும் உள்ள எந்தத் தாளும் அலுமாரிக்குள் போகாது, அறிவித்தல் பலகைக்குத்தான் போகும். நானும் அப்படிப்பட்ட பாடசாலையில் படித்தவள்தான். வகுப்பாசிரியை அதைத் தவணைப் பரீட்சைப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஒட்டினார். சிவப்புப் பேனையால் ஓரம் கூடப் போட்டிருந்தார்.

ஒரு கிழமைக்குப் பிறகு உணவு வினாக்கொத்துகளை வாங்கப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. முதல் பெயருக்குரிய பிள்ளையின் கதிரை வெறுமையாக இருந்தது.

"முதலாம் பிள்ளை வாறல்ல மிஸ்" என்றாள் பக்கத்திலிருந்தவள். பின்வரிசையில் சிரிப்பு.

"குண்டுக்கு மார்க்ஸ் போட்ட லிஸ்ட்" என்று இன்னொருத்தி எனக்கு விளக்கம் தந்தாள். "அவ வந்த நேரம் நாங்க எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினோம்."

நான் தாளைக் கிழித்தெடுத்தேன். வகுப்பாசிரியை கோபிக்கவில்லை. "மார்க்ஸ் லிஸ்ட் மாதிரித்தானே மிஸ் இருந்திச்சி. ஒழுங்குபடுத்தினது நீங்கதானே" என்றார்.

அன்று பின்னேரமே ஆட்டோ பிடித்து அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளையின் உம்மா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போய்க் கதிரை தந்தார்.

"வாங்க மிஸ். எங்கட மகள் முதலாவதாமே. சின்னவள் ஓடி வந்து சொன்னா. நான் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னன்."

"அது அப்படியான லிஸ்ட் இல்ல ராத்தா" என்றேன்.

"தெரியும் தெரியும், நிறை லிஸ்ட்தானே. கொழுத்த புள்ளண்டா வெக்கமா? நாங்க முகாமில சத்துமாக்கு லைன்ல நிண்ட ஆக்கள். எண்ட புள்ளைய அப்படியா வளத்தீக்கன்? இவ என்னண்டா அழுறா, ஸ்கூலுக்குப் போக மாட்டாளாம். சோத்தத் தங்கச்சிர பீங்கான்ல கொட்டுறா."

"எத்தன நாளா?"

"நீங்க பேப்பர் ஒட்டின நாளையிலருந்து. இனி ஸ்கூலே வாணாமாம். வாப்பாவும் சொல்றார், ஏழு மட்டும் படிச்சது காணும், வீட்டில நிக்கட்டுமாம்."

அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டதும் நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். என் வகுப்பிலும் அப்படி வீட்டில் நின்றவர்கள் இருந்தார்கள். ஒருத்தியும் திரும்பி வரவில்லை.

பிள்ளை உள்கதவில் திரையாகக் கட்டிய சேலைக்குப் பின்னால் நின்றாள். பாதங்கள் மட்டும் தெரிந்தன. அந்தத் தாளைச் செய்தது நான்தான் என்றும், பெயர் போட்டது என் பிழை என்றும், அதைக் கிழித்துவிட்டேன் என்றும் பாதங்களைப் பார்த்துச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

சேலைக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"நீங்க எத்தன கிலோ?"

சொன்னேன். என் உயரத்துக்கு அது மிகவும் குறைவு.

"சும்மா சொல்றீங்க."

"தராசு ஆட்டோவுக்குள்ள இருக்கு. கொண்டு வரட்டா?"

"இங்க வாணாம். வகுப்பில ஏறுங்க. நான்தான் வாசிப்பன்."

"அப்ப நாளைக்கு வாறீங்களா?"

"நீங்க ஏறினாத்தான்."

உம்மா சிரித்தார். "இவட வாயப் பாருங்களன்."

மறுநாள் பலகையை வைத்து, நீர்மட்டம் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அவள் குனிந்து பார்த்து, தசமம் விடாமல் உரத்து வாசித்தாள். வகுப்பு ஒரு நொடி யோசித்தது.

"மிஸ்தான் கடைசிப் பிள்ள" என்றாள் பின்வரிசைக்காரி.

"மிஸ்ஸுக்குச் சத்துமா குடுங்க" என்றது இன்னொரு குரல்.

"டீச்சர், நீங்களும் ஏறுங்க" என்றாள் என் நிறையை வாசித்தவள்.

வகுப்பாசிரியை வரவு இடாப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். "எனக்கு வேல இருக்கு." அதற்குத்தான் வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தன் கதிரையில் போய் உட்கார்ந்து பையைத் திறந்தாள்.

நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிப் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவுக்கு அனுப்பினேன். மேற்பார்வையாளர், "இதெல்லாம் எழுதத்தான் வேணுமோ?" என்றார். "ஓம்" என்றேன். அதன் பிறகு நான் மாற்றியவை: மறைப்புக்கு ஒரு திரை, பெயருக்குப் பதில் குறியீடு, அதிபருக்குக் கொப்பி இல்லை. எந்தத் தாளையும் நான் கூடியதிலிருந்து குறைந்தது வரை அடுக்குவதில்லை.

அடுத்த வருடம் அதே பிள்ளைகளை மறுபடி அளக்கப் போனேன். அவள் எட்டாம் ஆண்டில் இருந்தாள். பலகையை வைக்க உதவினாள். குமிழியைப் பார்த்து, "நடுவுக்கு வந்திட்டு மிஸ்" என்றாள். அவளுடைய முறை வந்தபோது, "நான் ஏற மாட்டன்" என்றாள்.

"சரி" என்றேன். அவள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

தரவுத்தாளில் அவளுடைய இடம் வெறுமையாக இருந்தது. போன வருட நிறையையும் மற்றப் பிள்ளைகள் வளர்ந்த அளவையும் வைத்து அதைக் கணித்து நிரப்பலாம் என்று புள்ளிவிபரம் படித்த தோழி சொன்னாள். அதற்கு முறைகள் உண்டு, எனக்கும் தெரியும். நான் 'மறுத்தார்' என்று மட்டும் பதிந்தேன். ஆய்வேட்டின் அட்டவணைக்குக் கீழே அது ஒரு அடிக்குறிப்பாக நிற்கிறது.

திரும்பி வரும்போது அந்த வீட்டு வாசலில் உம்மா ஆட்டோவை மறித்தார்.

"இந்த முற எங்கட மகள் எத்தனையாவது, மிஸ்?"

"இந்த முற லிஸ்ட் இல்ல ராத்தா."

"அப்ப என்னத்துக்கு நிறுக்கிறீங்க?" என்று கேட்டு, என் கையில் ஒரு பொதி கருவாட்டைத் திணித்தார்.